காணாக்கடி

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் படித்தவர்களுக்கு மாரா என்ற பத்திரிகாசிரியரை ஞாபகம் இருக்கும். 1793-ஆம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி, குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே அவர் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். குத்தியவள் சார்லட் கோர்டே என்ற இளம்பெண். அவள் ஏன் குத்தினாள் என்பதைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால், தேசத்தையே ஆட்டி வைத்த ஒரு மனிதர் நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ஏன் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தண்ணீருக்குள் இருந்தால்தான் கொஞ்சம் அடங்கும். அது இன்ன வியாதி என்பதில் டாக்டர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு.

சரித்திர ஆசிரியர்களுக்கு அரிப்பு இருந்ததில்லை போலும். இருந்திருந்தால் அந்தத் தொட்டியைப் பற்றி இன்னும் இரண்டு பக்கமாவது எழுதியிருப்பார்கள். எனக்கு நாலு வருஷமாகக் காணாக்கடி. ஆகவே அவர்கள் விட்ட குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று உத்தேசம்.

காணாக்கடி எப்படியிருக்கும் என்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு ஆறரை மணிக்கு, வேட்டி முடிச்சு இறுக்கும் இடத்தில் முதலில் ஊறும். கை தானாகப் போகும். கொசு கடித்தது போல ஒரு தடிப்பு எழும்பும். பத்து நிமிஷத்தில் அது பக்கத்துத் தடிப்புடன் சேர்ந்து ஓர் அப்பளத்தின் அளவுக்கு விரியும். நடுவில் வெளுப்பு, சுற்றிலும் சிவப்பு. ராத்திரி முழுவதும் முதுகு, தொடை, உள்ளங்கால் என்று இடம் மாறி மாறி ஊர்வலம் வரும். விடிந்து டாக்டரிடம் போய்ச் சட்டையைக் கழற்றினால், நேற்றுத்தான் பிறந்த குழந்தையைப் போல உடம்பு வழவழவென்று இருக்கும். கோர்ட்டுக்குப் போகும் நேரத்தில் சாட்சி ஓடிப்போன கதைதான். இப்போது கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டலாம். நம் முன்னோர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

எங்கள் குடியாத்தத்தில் இதற்கு மூன்று பாஷையில் பெயர் உண்டு. தெலுங்குக்காரர்கள் 'தத்துர்லு' என்பார்கள். உருது பேசுகிறவர்கள் 'பித்தி' என்பார்கள். பித்தம் பொங்கிவிட்டது என்று அர்த்தம். தமிழில்தான் 'காணாக்கடி'. கடித்தது நிஜம், கடித்ததைக் கண்டவர் யாரும் இல்லை. இதைவிடக் கச்சிதமாக ஒரு வியாதிக்குப் பெயர் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடி என்ற எண்ணம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முந்தியது என்று சொல்லப்படும் மாதவ நிதானம் என்னும் வடமொழி வைத்திய நூல் இதைச் சீதபித்தம் என்று சொல்லி, தடிப்பைக் குளவி கொட்டின வீக்கத்துக்கு ஒப்பிடுகிறது. குளிர்ந்த காற்றுப் பட்டதனால் வருவது என்பது அந்த நூலின் கட்சி. கிரேக்க வைத்தியர்கள் இதை, தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் பெயரால் அழைத்தார்கள். அந்தச் செடிக்கு லத்தீனில் உர்ட்டிகா என்று பெயர். அதிலிருந்துதான் 1769-இல் வில்லியம் கல்லன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 'உர்ட்டிகேரியா' என்ற பெயரை நிலைநாட்டினார். நம் பக்கத்து வேலிகளில் செந்தட்டி, காஞ்சொறி என்று ஒரு செடி படருகிறதே, அதைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு அந்தக் கிரேக்கர்கள் என்ன சொன்னார்கள் என்பது உடனே விளங்கும். குளவி, செடி, காற்று, காணாத பூச்சி! ஊருக்கு ஊர் குற்றவாளி வேறுபட்டாலும், அவன் வெளியிலிருந்து வந்தவன் என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்திருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்தவனை விரட்டத்தானே வேண்டும்? எங்கள் பாட்டி அதற்கு ஒரு முழுப் படையே வைத்திருந்தாள். முதலில் கம்பளியால் தேய்ப்பாள். கேட்கவே பயங்கரமாக இருந்தாலும் அந்தக் கணத்தில் அது சொர்க்கம். பிறகு வெற்றிலையில் மிளகு வைத்து மென்று விழுங்கச் சொல்வாள். அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசி, வேப்பிலையால் தலையிலிருந்து கால் வரை வருடுவாள். கடைசியில் பத்தியம். கத்தரிக்காய் ஆகாது; கருவாடு ஆகாது; முட்டை, தக்காளி, வேர்க்கடலை ஆகாது. எனக்கு இந்த வியாதி வந்த பிறகு, விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு சேர்த்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் அனுசரித்தால் மிச்சம் இருப்பது புழுங்கலரிசிக் கஞ்சியும் உப்பும்தான். உப்பைப் பற்றியும் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தது.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது மிக அபூர்வம் என்பது இன்றைய டாக்டர்களின் முடிவு. இறாலைத் தின்ற அரை மணியில் தடித்தால் அது வேறு கதை; அடுத்த தடவை தின்னும்போது அதுவே சாட்சி சொல்லிவிடும். மாதக்கணக்கில் தினம் தினம் வருவதற்குக் கத்தரிக்காயைத் தூக்கில் போடுவது நியாயமல்ல. ஆனால் இந்த வியாதி இரண்டு நாள் வராமல் இருந்து, மூன்றாம் நாள் வரும் சுபாவம் உடையது. அந்த இரண்டு நாளில் எதை விட்டிருந்தோமோ அதன் தலையில் பழி விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த மருமகள் வைத்த குழம்பின்மேல் பழி விழுந்த குடும்பங்களும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கத்தரிக்காய்க்கு அடுத்தபடி பழி சுமப்பது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். "காத்துல கலந்திருக்குது சார், அதான் அரிக்குது" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிச்சயமாகச் சொல்வார். இதில் பாதி உண்மை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிப் பக்குவமான தோல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் காட்டிய வழியில் குரோமிய உப்புக்கு மாறத் தொடங்கியது. 1912-இல் வந்த குரோம் தோல் கம்பெனியினால்தான் சென்னையில் ஒரு பேட்டைக்கே குரோம்பேட்டை என்று பெயர் நிலைத்தது. அந்த உப்பு சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. கை விரலிலும் புறங்கையிலும் நீர்க்கொப்புளம் எழும்பி, வெடித்து, தடித்து, மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். சிமெண்டுக் கலவையில் கை வைக்கும் கொத்தனார்களுக்கும் இதே குரோமியத்தால் இதே தொல்லை உண்டு. பாலாற்றுக்கு நேர்ந்த கதியோ உலகறிந்தது. 1996 ஆகஸ்டு 28-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் பற்றித் தீர்ப்பே எழுதியிருக்கிறது. அந்தக் குற்றத்தைக் கழுவிவிடுவது என் நோக்கம் அல்ல. ஆனால் குரோமியப் படை இடத்தை விட்டு நகராது. காணாக்கடியின் ஒரு தடிப்பு பெரும்பாலும் ஒரு பகல் ஓர் இரவுக்குள் சுவடில்லாமல் மறைந்து வேறிடத்தில் எழும்பும். தோல் தொழிற்சாலையின் வாடையே படாத ஊர்களிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு பங்கு.

பெண்கள் என்றதும் என் பெரிய அத்தையின் ஞாபகம் வருகிறது. இந்தக் கதையை அத்தை எத்தனையோ தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1960-களின் நடுவில் அத்தைக்குப் பத்தொன்பது வயது. வாலாஜாபேட்டையில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி, தட்டு மாற்றுவதற்கு நாள் பார்த்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் அத்தைக்குக் கன்னத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக்கொண்டு வந்தது. இன்றைய வாசகர்களுக்கு இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். அன்றைய வட ஆற்காட்டு ஜில்லாவில் முகத்தில் சிவப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு வியாதியின் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். அதை வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். 'பெரு வியாதி' என்பார்கள். குஷ்டரோகம் மிகுந்திருந்த பிரதேசங்களில் எங்கள் தாலுகாவும் ஒன்று. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி, எங்கள் குடியாத்தம் தாலுகாவைத்தான் தன் கட்டுப்பாட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதன் ஊழியர்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய் ஜனங்களின் தோலைப் பரிசோதித்தார்கள்.

தாத்தா அத்தையைத் தறிமேடைக்குப் பின்னால் இருந்த இருட்டறையில் உட்கார வைத்துவிட்டார். தெருவில் பாவு போட வந்தவர்கள் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பதில். தனித் தட்டு, தனிச் சொம்பு. பாட்டிதான் ராத்திரியில் கம்பளியோடு உள்ளே போவாள். இப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் அந்தத் தெருவுக்குக் கரிகிரி ஊழியர் வந்துவிட்டார். தாத்தா திண்ணையிலேயே அவரை மடக்கி, வீட்டில் இருப்பவர்களை எண்ணிச் சொன்னார்; ஓர் எண்ணிக்கை குறைந்தது. பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "உள்ளே என் பொண்ணு ஒருத்தி கீறா, ஐயா" என்று சொல்லிவிட்டாள். தாத்தாவின் எதிரில் அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை என்று அத்தை சொல்வாள்.

ஊழியர் உள்ளே போனார். தடிப்பைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அரிக்குதாம்மா?" என்பது.

"அரிச்சு அரிச்சு உயிரு போவுது சார்" என்று அழுதிருக்கிறாள் அத்தை.

"அப்படின்னா பெரும்பாலும் பயமில்லே" என்றாராம் அவர். அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். அத்தை ஒன்று விடாமல் காட்டினாள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, மறுநாளும் வந்தார். கோடு இருந்தது, தடிப்பைக் காணோம். "காணாக்கடிம்மா இது. நல்ல நாளாப் பார்த்துத் தட்டு மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார்.

அந்த மனிதர் பெயர்கூட அத்தைக்குத் தெரியாது. அவர் செய்தது மந்திரம் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கையும் காலும் குறைவதற்குக் காரணம் தசை அழுகுவது அல்ல, உணர்ச்சி போவதே என்று எடுத்துக்காட்டியிருந்தார். சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. அந்த நோயின் தேமல் சாதாரணமாக அரிக்காது. வந்த இடத்தை விட்டு ஒரு நாளில் ஓடவும் ஓடாது. வாலாஜாபேட்டைச் சம்பந்தம் நடந்தேறியது. காணாக்கடி இரண்டு வருஷம் இருந்துவிட்டு, வந்தது போலவே சொல்லாமல் போயிற்று. பலருக்கு அப்படித்தான் போகிறது.

இனி, கடிக்கிறவன் யார் என்ற விஷயத்துக்கு வருவோம். இந்தத் துப்பறியும் கதை ஒரு சாயப் பட்டறையில் ஆரம்பிக்கிறது என்றால் கைலிக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மாணவர், துணிக்குப் போடும் அனிலீன் சாயங்களை உடம்பின் திசுக்களுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில அணுக்கள் மட்டும் சாயத்தை ஏராளமாகக் குடித்து, பொரிப்பொரியான மணிகளைக் காட்டின. நன்றாகத் தின்று கொழுத்த அணுக்கள் என்று நினைத்து, 1878-இல் அவர் அவற்றுக்கு 'மாஸ்ட்' அணுக்கள் என்று பெயர் வைத்தார். அந்த மணிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

1910-இல் லண்டனில் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்பதை விவரித்தார்கள். பிறகு தாமஸ் லூயிஸ் என்ற டாக்டர் வந்தார். இவருடைய பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் இதற்கு உபகரணமே வேண்டியதில்லை. தோலின்மேல் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். முதலில் சிவப்புக் கோடு. பிறகு அதைச் சுற்றிச் சிவப்புப் படர்தல். பிறகு கோடு முழுவதும் தடிப்பு. ஹிஸ்டமினை ஊசி முனையால் தோலில் ஏற்றினாலும் இதே மூன்றும் இதே வரிசையில் வந்தன. ஆகவே தோலுக்குள்ளேயே ஹிஸ்டமினைப் போன்ற ஏதோ ஒன்று அவிழ்கிறது என்று 1927-இல் வெளிவந்த தமது புத்தகத்தில் ஜாக்கிரதையாக எழுதினார். 1953-இல் ரைலி, வெஸ்ட் என்ற இருவர், எர்லிக்கின் கொழுத்த அணுக்களின் மணிகளில் நிறைந்திருப்பது ஹிஸ்டமின்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளவியின் விஷத்தில் ஹிஸ்டமின் இருக்கிறது. உர்ட்டிகாச் செடியின் சுணைகளிலும் இருக்கிறது என்று 1947-இல் கண்டார்கள். குளவி கொட்டின மாதிரி என்ற நம் வைத்தியரும், செடி பட்ட மாதிரி என்ற கிரேக்கரும் உவமை சொல்வதாக நினைத்துக்கொண்டு ரசாயனம் சொல்லியிருக்கிறார்கள்!

எதிரி தெரிந்தால் ஆயுதம் செய்யலாம். பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் டேனியல் போவே என்பவரும் அன்-மரி ஸ்டாப் என்ற பெண்மணியும் 1937-இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைச் செய்தார்கள். அது கினிப் பன்றிகளைக் காப்பாற்றியது. மனிதருக்குக் கொடுக்க முடியாதபடி விஷமாக இருந்தது. 1942-இல் மனிதருக்கு ஏற்ற மருந்து பிரான்சில் வந்தது. அமெரிக்காவில் ரீவெஷல் என்ற ரசாயனப் பேராசிரியர் தசைப் பிடிப்புக்கு மருந்து தேடப் போய், 1943-இல் பெனட்ரிலைக் கண்டெடுத்தார். நமக்கு அது இருமல் மருந்தின் பெயராகத்தான் பழக்கம். போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வம்சத்தில் வந்த அவில் மாத்திரை நம் மளிகைக் கடை வரைக்கும் பிரசித்தி. மருந்துச் சீட்டு வேண்டாம்; "ஒரு அவில் குடு" என்றால் போதும்.

அவிலை விழுங்கினால் அரிப்பு அடங்கும். கூடவே ஆளும் அடங்கிவிடுவான். ராத்திரி போட்ட மாத்திரை மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தவனின் இமையைப் பிடித்து இழுக்கும். நாடா ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இந்தப் பழைய மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து, அங்கே விழிப்புக்கு உதவும் ஹிஸ்டமினையும் தடுத்துவிடுவதுதான் காரணம். லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் அல்ல. 1980-களில் மூளைக்குள் அவ்வளவாகப் புகாத மருந்துகள் வந்தன. இன்று எல்லோருக்கும் தெரிந்த செட்ரிசின் 1987-இல் பெல்ஜியத்தில் வெளிவந்தது.

ஆயுதம் கிடைத்துவிட்டது. ஆனால் கொழுத்த அணுவின் கதவைத் திறந்துவிடுகிறவன் யார்? 1921-இல் ஜெர்மனியில் கூஸ்ட்னர் என்ற டாக்டருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார் நண்பர் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்ற, மீனோடு எந்த விரோதமும் இல்லாத அவருக்கும் அங்கே தடித்தது. ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. அது இன்னதென்று 1966-இல் அமெரிக்காவில் இருந்த ஜப்பானியத் தம்பதி இஷிசாகா கண்டு, இம்யூனோகுளோபுலின்-ஈ என்றார்கள். 1986-இல் இங்கிலாந்தில், நாட்பட்ட காணாக்கடிக்காரர்களின் சொந்த ரத்தத் தெளிநீரை அவர்களுடைய தோலிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். பலருக்கு அங்கேயே தடித்தது. மீன் வேண்டாம், குளவி வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம். 1993-இல் லண்டனில் ஹிடே என்ற ஜப்பானிய டாக்டரும் கிரீவ்ஸ் முதலானவர்களும் காரணத்தைக் காட்டினார்கள். உடம்பைக் காக்க உண்டான எதிர்ப்புப் பொருள் சிலருக்குத் தன் உடம்பின் கொழுத்த அணுக்களையே பிடித்து உலுக்குகிறது. காணாத பூச்சி வீட்டுக்குள்ளேயே, காவல்காரன் உடுப்பில் இருந்திருக்கிறது.

பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பதினொரு நாள் இருட்டில் வைத்ததற்கும், குழம்பு வைத்த மருமகளைக் குறை சொன்னதற்கும் இந்தச் செய்தி முப்பது, நாற்பது வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வந்தபின் என்ன செய்வது? மாத்திரையை அரிக்கும்போது மட்டும் தேடாமல், தினம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஒன்றுக்கு அடங்காவிட்டால் புதிய வகை மாத்திரையை நாலு மடங்கு வரை உயர்த்துவார்கள். அதை அவர்கள்தான் செய்ய வேண்டும், நாம் அல்ல. அதற்கும் மசியாதவர்களுக்கு, இஷிசாகா தம்பதி கண்ட பொருளையே பிடித்துக் கட்டும் ஓமலிசுமாப் என்ற ஊசி 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாலு வாரத்துக்கு ஒன்று. இங்கேயும் கிடைக்கிறது, விலையைக் கேட்டால் சிறிது நேரம் அரிப்பு மறந்துபோகும். கடைக்காரர் அன்போடு பொட்டலம் கட்டித் தரும் ஸ்டீராய்டு மாத்திரை மாயம் போல் அடக்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எலும்புச் சிதைவு என்று வட்டி கேட்கும். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் பலருக்குத் தடிப்பைக் கூட்டும். இறுக்கமான துணி, வெயில், மது, மனக்கவலை இவையும் அப்படித்தான். உதடோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறினால் வெற்றிலையும் மிளகும் தேடிக்கொண்டிருக்கலாகாது, உடனே ஆஸ்பத்திரி.

பாட்டியின் கம்பளிக்கும் ஒரு நியாயம் உண்டு. வலியும் உறுத்தலும் முதுகுத்தண்டில் அரிப்பின் செய்தியை மறித்து நிறுத்துகின்றன. அதனால்தான் அந்தச் சொர்க்கம். ஆனால் தேய்த்த இடத்தில், லூயிஸ் இழுத்த கோடு போல, மறுபடி தடிக்கும். ஈரத் துணி மேல். குளிர்ச்சியும் அதே செய்தியை மறிக்கிறது, தோலைக் கிளறுவதில்லை. கேலமைன் பூச்சும் அப்படியே. குளிர் பட்டாலே தடிக்கிற சிலர் மட்டும் இதற்கு விலக்கு.

எல்லா அரிப்பும் ஹிஸ்டமின் அரிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் காடுகளில் பூனைக்காலி என்று ஒரு கொடி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதன் சுணையை நாற்காலியில் தூவியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கக்கூடும். 1955-இல் அமெரிக்காவில் ஷெல்லி, ஆர்தர் என்ற இருவர் அந்தச் சுணையை ஆராய்ந்து, அதில் அரிப்பைத் தருவது ஹிஸ்டமின் அல்ல, புரதத்தைக் கரைக்கும் வேறொரு பொருள் என்று கண்டார்கள். அது தூண்டும் நரம்பு வழியும் பெரும்பாலும் வேறு. சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவர்களுக்கு, தடிப்பே இல்லாமல் வரும் அரிப்பும் அவிலுக்குக் கட்டுப்படுவதில்லை. தடிப்பில்லாமல் வாரக்கணக்கில் அரிப்பவர்கள் தோலைப் பார்த்துக்கொண்டிராமல் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் அரிப்புக்கென்று தனி மருந்து ஒன்று அமெரிக்காவில் 2021-இல்தான் அனுமதி பெற்றது.